அம்மாவின் 14 புடவைகள், ஒரே ஒரு ஹால்: எதை வெட்டலாம்?

மேலமாடி:

வணக்கம். மதுரையில் முதல் மாடி வாடகை வீடு. அம்மா போன வைகாசியில் தவறிவிட்டார். சொந்தக்காரர்கள் கேட்டு எடுத்துக்கொண்டது போக, அவருடைய புடவைகளில் 14 என் பீரோவில் இருக்கின்றன. எனக்குச் சகோதரிகள் இல்லை. மனைவி எப்போதாவதுதான் புடவை கட்டுவாள். பூட்டி வைப்பதைவிட ஹாலை அந்தப் புடவைகளாலேயே புதுப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

ஹால் 14 அடிக்கு 10 அடி. சுவர் கிரீம் நிறம். பழுப்பு ரெக்ஸின் சோபா, கண்ணாடி டீப்பாய், டிவி. மேற்குச் சுவரில் அடுத்தடுத்து இரண்டு ஜன்னல்கள். ஒவ்வொன்றும் 3 அடி அகலம், மூன்றரை அடி உயரம். நடுவில் ஓரடிச் சுவர். இரண்டுக்கும் மேலே ஒரே நீளமாக எட்டடிக் கம்பி இருக்கிறது. இப்போது அதில் தொங்குவது பத்து வருடத்துச் சாம்பல் நிறத் திரை. வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார், பெயின்ட் மாற்றவும் விடமாட்டார். ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே கூரையில் இரண்டு ஊஞ்சல் கொக்கிகள் உண்டு. ஊஞ்சல்தான் இல்லை.

புடவைகளின் பெயர் எனக்குச் சரியாகத் தெரியாது. மனைவி சொன்னபடி எழுதுகிறேன். சுங்குடி 4. கட்டம் போட்ட கண்டாங்கி 2, அதில் ஒன்றின் கீழ்க்கரை கிழிந்திருக்கிறது. பட்டு 3. சின்னாளபட்டி 2. நைலக்ஸ் 2. வெள்ளையில் கத்தரிப்பூக் கரை போட்ட வாயில் புடவை 1.

வீட்டு அலங்காரம் செய்யும் ஒருவரிடம் கேட்டேன். பட்டுப் புடவைகளையெல்லாம் வெட்டிச் சட்டம் போட்டுச் சுவர் முழுவதும் மாட்டிவிடலாம், 85,000 ரூபாய் என்றார். என்னிடம் இருப்பது 15,000. 14 புடவையும் ஹாலில் ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும், திரையாகவோ குஷனாகவோ மேசை விரிப்பாகவோ. எந்தப் புடவையை எதற்கு வெட்டலாம்?

வெயில்காலம்:

தயங்காமல் வெட்டுங்கள். பீரோவில் கிடந்து பூச்சி அரிப்பதற்கு இது மேல். என் பாட்டியின் புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போர்வையாகத் தைக்கக் கொடுத்தேன். அழகாக வந்தது. பட்டும் பருத்தியும் கலந்து தைத்ததால் முதல் சலவையில் ஒரு பக்கம் சுருங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அதைச் சுவரில் மட்டும் மாட்டியிருக்கிறோம்.

கட்டமும்கோடும்:

கல்லூரியில் வடிவமைப்புப் பாடம் நடத்துகிறேன். நீங்கள் நினைப்பதற்கு நூறு வருடத்துக்கும் மேலான முன்னோடிகள் இருக்கிறார்கள். பாரிஸில் பெண்களுக்கு ஆடை வடிவமைத்த பால் புவாரே 1911இல் தன் மகள் பெயரில் மார்ட்டின் என்றொரு பட்டறை தொடங்கினார். உழைக்கும் குடும்பத்துச் சிறுமிகளைச் சேர்த்து, பாடம் எதுவும் நடத்தாமல் தோட்டங்களுக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் அனுப்பி வரையச் சொன்னார். அவர்கள் வரைந்த பூக்கள் திரைத்துணியாகவும் கம்பளமாகவும் சுவர்த்தாளாகவும் குஷனாகவும் வந்தன. உடை தைத்தவர் வீட்டுக்கும் உடை போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் அர்மானி 2000இல் வீட்டுப் பொருள்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியதும் இதே வழியில்தான்.

உங்கள் அறைக்கு ஒரு கணக்கு உதவும். அறையில் கண்ணில் படுவதில் ஏறக்குறைய 60 பங்கு ஒரு நிறம், 30 பங்கு இரண்டாவது நிறம், 10 பங்கு மூன்றாவது. கிரீம் சுவர் உங்கள் 60. மாற்ற முடியாத சோபா 30இல் பாதியைத் தின்றுவிடுகிறது. ஆகவே மீதியிருக்கும் இடம் மிகச் சிறியது. அதில் 14 புடவைகள் இடம் கேட்டால் சண்டைதான் வரும். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்திருக்கிறது. அதைக் கிழிசல் துணியாக நினைத்துவிடாதீர்கள்.

ஊசிநூல்:

தம்பி, நான் காரைக்குடிப் பக்கம் 1994இலிருந்து திரைச்சீலையும் குஷன் உறையும் தைப்பவள். புடவையை வெட்டித் தையுங்கள் என்று என்னிடம் வருகிறவர்களை முதலில் ஒரு வாரம் கழித்து வரச் சொல்வேன். பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள். கூலி போனாலும் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

உங்கள் கேள்வியிலேயே எனக்கு ஒரு வருத்தம். உங்கள் அம்மா 14 புடவையையும் ஒரே நாளில் கட்டினாரா? ஒரு நாளைக்கு ஒன்று. மற்ற 13 பீரோவில் முறைக்காகக் காத்திருந்தன. வீட்டுக்கும் அப்படியே செய்யுங்கள். மூன்று மாதம் ஒரு புடவை தொங்கட்டும். பிறகு கழற்றி, துவைத்து, மடித்து வைத்துவிட்டு அடுத்ததைத் தொங்கவிடுங்கள். அதற்கு ஒரே நிபந்தனை, வெட்டக் கூடாது.

வெட்டாமல் எப்படித் திரை ஆகும்? உங்கள் ஜன்னல் கணக்கைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டைக் கட்டியவர் புடவைக்கென்றே ஜன்னல் வைத்திருக்கிறார். எல்லாரும் புடவையை நெட்டுக்கு மூன்றாக வெட்டித் தொங்கவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கரை இரண்டும் பக்கவாட்டில் செங்குத்தாக வரும். கரை கனம், உடல் லேசு. இரண்டு மாதத்தில் நடுத்துணி சீராகத் தொங்காமல் சுருக்கம் விழுந்து நிற்கும். நீங்கள் படுக்கை வாட்டில் தொங்கவிடுங்கள். புடவையின் அகலம் 47 அங்குலம் வரும், அதுதான் திரையின் உயரம். கம்பியில் வளையத்துக்கு 2 அங்குலம் போனாலும், 42 அங்குல ஜன்னலை மறைத்துக் கீழே நாலு விரற்கடை இறங்கும். நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. உங்கள் இரண்டு ஜன்னலும் நடுச்சுவரும் சேர்ந்து 7 அடி. இரண்டரை மடங்குத் துணி, கொசுவம் தாராளமாக விழும். உடுத்தும்போது கரை எங்கே இருந்ததோ அங்கேயே, அடியில் வந்து நிற்கும். அந்தக் கனமே திரையை நேராக இழுத்துப் பிடிக்கும்.

தையலே வேண்டாம். கிளிப் வைத்த வளையங்கள் கிடைக்கின்றன. 7 அங்குலத்துக்கு ஒன்று வீதம் 32 வாங்குங்கள். மேல்கரையைக் கிளிப்பில் கவ்வினால் போதும். முந்தானை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துத் தொங்கவிடுங்கள். வாசலில் நுழைகிறவர் கண் முதலில் எங்கே விழுமோ அங்கே வரட்டும். சோபாவுக்குப் பின்னால் முந்தானையைப் போட்டால் விருந்தாளி முதுகுக்குத்தான் அது தெரியும்.

மேற்கு ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டு அங்கே ஒரு நாள்கூடத் தொங்கக் கூடாது. வெயில் பட்டால் பட்டு நூல் மஞ்சளடித்து, பிறகு அப்பளம் மாதிரி நொறுங்கும். பருத்திக்கும் வெயில் ஆகாதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே. ஆகையால் ஜன்னல் பக்கம் அதே அகலத்துக்குக் காடாத்துணி 6 மீட்டர் வாங்கி, புடவையோடு சேர்த்து அதே கிளிப்பில் கவ்விவிடுங்கள். சாயம் போவது குறையும், தெருப்புழுதியும் காடாவோடு நின்றுவிடும். புடவையை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் காடாவை மாதம் ஒரு முறையும் துவைத்தால் போதும்.

எந்தப் புடவையானாலும் தொங்கவிடும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு இருந்த கோட்டில் இழை விலகித் தெரிந்தால் அது கனம் தாங்காது. அந்த இடத்தை இரண்டு கைவிரலால் லேசாக இழுங்கள். சத்தம் வந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். பட்டு பெரும்பாலும் மடிப்பில்தான் கிழியும். ஒரே மடிப்பில் பத்து வருடம் வைத்திருந்தால் யாரும் தொடாமலே கிழியும்.

வெட்டியே ஆக வேண்டும் என்று கை துடித்தால் அந்தக் கிழிந்த கண்டாங்கி இருக்கிறது. குதிகால் உரசிக் கிழிந்த கரை, அது உழைத்த உழைப்பு. கண்டாங்கி முரட்டு நூல், குஷனுக்குப் பிறந்த துணி. 16 அங்குலக் குஷனுக்குக் கணக்கு சொல்கிறேன், உங்கள் ஊர்த் தையற்காரரிடம் காட்டுங்கள். நீளவாட்டில் ஒன்றரை அடி வெட்டினால் ஒரு உறை. அந்தத் துண்டின் அகலம் 47. அதை 15, 17, 15 என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். நடு 17 முன்பக்கம். இரண்டு ஓரமும் பின்பக்கம், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கரை ஓரம் தானாகவே திறப்பில் வந்து விழுவதால் மடித்து அடிக்க வேண்டாம், ஜிப்பும் வேண்டாம். முன்னால் கட்டம், திருப்பிப் போட்டால் கரை. ஐந்து உறைக்கு ஏழரை அடி. கிழிந்த இடம் போக மீதியில் டீப்பாய்க்கு ஒரு விரிப்பு வரும்.

பட்டைக் குஷனாக்கி அழுத ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கல்யாணப் பட்டு, நல்ல கெட்டிச் சரிகை. மகன் கல்யாணத்துக்கு வீடு ஜொலிக்க வேண்டும் என்று எட்டு உறை தைக்கச் சொன்னார். நான் மறுத்தேன், வேறிடத்தில் தைத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் தலை உரசி, எண்ணெய் பட்டு, சரிகை கறுத்துப் பிசிறு பிசிறாக நின்றது. எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். நான் என்ன செய்ய முடியும்? அதைப் பிரித்துப் புடவையாக்க எந்த ஊசியாலும் முடியாது.

பாரிஸ் கதை சொன்ன ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நன்றாக இருந்தது. அந்தச் சிறுமிகள் வரைந்ததைத் தைத்தவர்கள் யாரென்றும் பாடத்தில் சொல்லுங்கள். உங்கள் 60, 30, 10 கணக்கை நாங்கள் உடல், கரை, முந்தானை என்போம்.

மேலமாடி:

அக்கா, இரண்டு முறை படித்தேன். மனைவி மூன்று முறை படித்தாள். "உங்கள் அம்மா 14ஐயும் ஒரே நாளில் கட்டினாரா" என்ற இடத்தில் அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. முதலிலிருந்தே அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

மூன்று சந்தேகங்கள். பட்டு மூன்றும் பீரோவிலேயேதான் இருக்க வேண்டுமா? நைலக்ஸை என்ன செய்வது? முதலில் எதைத் தொங்கவிடுவது? சுங்குடியில் ஒன்று பிரவுனுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு நிறம், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. பட்டில் ஒன்றுக்கு நிறமே சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம் நின்றால் பச்சை, அந்தப் பக்கம் நின்றால் நீலம்.

மடிப்புக்கலையாமல்:

ஜவுளிக்கடையில் 31 வருடம் புடவை விரித்துக் காட்டியவன். கேட்காமலே பதில் சொல்கிறேன், பழக்கதோஷம்.

பிரவுனுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருப்பது அரக்கு. பச்சையும் நீலமுமாக மாறுவது மயில் கழுத்து. பாவில், அதாவது நெட்டு நூலில் ஒரு நிறம், ஊடையில், அதாவது குறுக்கு நூலில் ஒரு நிறம் போட்டு நெய்வதால் துணி அசையும்போது நிறம் அசையும். ஐயா, உங்கள் அம்மாவுக்கு நல்ல கண் இருந்திருக்கிறது.

சுங்குடியைத் திருப்பிப் பாருங்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவாக அச்சடித்த மாதிரி இருந்தால் மெழுகு அச்சு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஓரம் கோணல், நடுவில் பொட்டு மாதிரி சாயம் தங்கியிருந்தால் கையால் முடிச்சுப் போட்டது. மதுரையில் சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் போட்ட முடிச்சு. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் போடுவார்கள். முடிச்சுப் புடவையாக இருந்தால் அதை முதலில் தொங்கவிடுங்கள்.

கடையில் நாங்கள் நிறம் சேர்த்துக் காட்டும் முறை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கட்டியிருக்கும் புடவையைப் பார்ப்போம், அதன் கரை நிறத்தில் அடுத்த புடவையை எடுத்து விரிப்போம். மறுத்துப் பேச மாட்டார்கள். உங்கள் சோபா பழுப்பு. பழுப்புக்குப் பக்கத்து வீடு அரக்கு. பச்சைச் சுங்குடியைப் போட்டால் சோபா அழுக்காகத் தெரியும். கறுப்பை விட்டுவிடுங்கள், மேற்கு ஜன்னலில் அது மாலையை விழுங்கிவிடும்.

ஊசிநூல்:

கடைக்காரர் சொன்னதுக்கு மேல் நிறத்தில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அரக்கே முதலில்.

பட்டுக்கு அந்த ஊஞ்சல் கொக்கிகள் இருக்கின்றனவே. எங்கள் பக்கம் பழைய வீடுகளில் துணி போட உத்திரத்திலிருந்து கம்பு தொங்கவிட்டிருப்பார்கள், கொடிக்கம்பு என்போம். ஐந்தடி மூங்கிலோ மரக்கம்போ வாங்கி இரண்டு கயிற்றில் தொங்கவிடுங்கள். வெறும் மரத்தில் பட்டைப் போடாதீர்கள், கறை ஏறும், சிம்பு இழுக்கும். பழைய வெள்ளை வேட்டியைக் கம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அதன்மேல் பட்டைத் தளர்வாகப் போடுங்கள். ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒரு மறைப்பும் ஆயிற்று. அங்கே ஜன்னல் வெயில் நேராக வராதே? வந்தால் வேண்டாம். மாதம் ஒரு முறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். மழைக்காலத்தில் கழற்றி உள்ளே வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது. வாசனைத் திரவியம் தெளிக்கவே கூடாது.

முக்கியமாக, உங்கள் மனைவி எந்த நேரம் நினைத்தாலும் அந்தக் கம்பிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் அது அருங்காட்சியகம்.

நைலக்ஸை விளக்குப் பக்கமும் அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள், உருகிப் பிடித்துக்கொள்ளும். குளியலறை அலமாரிக்கு மறைப்பாகப் போடுங்கள், ஈரம் அதை ஒன்றும் செய்யாது. ஹாலுக்கு வேண்டாம்.

தரைக்கு எதுவும் இல்லையென்றால் ஒரு பவானி ஜமக்காளம் வாங்குங்கள். அதில் அரக்குக்குப் பக்கத்தில் வருகிற பட்டை ஒன்றாவது இருக்கட்டும்.

கட்டமும்கோடும்:

தைத்தவர்கள் பற்றிய கேள்விக்கு இன்றைய வகுப்பில் பதில் தேடினோம். மாணவர்கள் என்னைவிட அதிகம் கேள்வி கேட்டார்கள். நன்றி அம்மா.

மேலமாடி:

ஐந்து வாரம் ஆகிவிட்டது, கணக்கு ஒப்படைக்கிறேன். கிளிப் வளையம் 32, காடா 6 மீட்டர், பவானி ஜமக்காளம், மூங்கில், கயிறு, ஐந்து உறைக்குத் தையல் கூலி, உள்ளே வைக்கப் பஞ்சுக் குஷன். எல்லாம் சேர்த்து 8,940 ரூபாய். 15, 17, 15 கணக்கைத் தையற்காரரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, யார் சொன்னது என்று கேட்டார்.

அரக்கு முடிச்சுப் புடவைதான். புள்ளிகள் எல்லாம் கோணல், எண்ணிப் பார்க்கத் தொடங்கி முந்நூறில் விட்டுவிட்டேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாலு மணிக்கு மேல் வெயில் காடாவைத் தாண்டி வரும்போது அரக்கு இருண்டுவிடுகிறது, சாயம் ஏறாத புள்ளிகள் மட்டும் ஒளிர்கின்றன. அந்த நேரத்தில் நாங்கள் டிவி போடுவதில்லை.

மயில் கழுத்து மூங்கிலில் பத்து நாள் இருந்தது. பிறகு மனைவி ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து அதே இடத்தில் போட்டாள். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் ஊஞ்சல் கொக்கியைப் பார்த்துவிட்டு, ஆணி அடித்தீர்களா என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம், அக்கா. அரக்குப் புடவையின் முந்தானை ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை. சமைக்கும்போது அம்மா கை துடைக்கும் இடம் அது. தொங்கவிட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. சலவைக்குப் போட்டால் போகுமா?

ஊசிநூல்:

சலவைக்குப் போடாதீர்கள் தம்பி. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். வெயில்தான் அதற்கு மருந்து. முந்தானை இப்போது இருக்கிற ஜன்னல் பக்கமே இருந்தால், காடாவைத் தாண்டி வருகிற வெயிலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும்.

வெளுக்க வேண்டாமென்று தோன்றினால், இந்த வாரமே கழற்றித் திருப்பிப் போடுங்கள். அந்தப் பக்கம் சுவர் ஓரம், நிழல் இருக்கும்.